காசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

பின்தங்கிய பகுதிகளில் முதலீடு செய்யப் போகிறோம் என்று ஒரு மேயர் அறிவித்தால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கூடத் தலையாட்டிவிட்டு, தன் வார்டுக்கும் ஒரு பங்கு வருமா என்று கேட்டு வைப்பார். சண்டை வருவது அடுத்த கேள்வியில்தான்: பணம் எங்கிருந்து? இதைக் கணக்குப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிடுகிறோம், ஆனால் எந்தத் தெருவுக்கு என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி.

இதற்குச் சிகாகோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே டிஃப் (TIF, Tax Increment Financing) என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, இன்றைக்கு அங்குள்ள சொத்துகளின் வரி மதிப்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். அடுத்த 23 வருடங்களில் மதிப்பு எவ்வளவு ஏறினாலும், ஏறிய பங்குக்கான வரி நகரத்தின் பொதுக் கஜானாவுக்கோ பள்ளிகளுக்கோ போகாது, அந்தப் பகுதிக்கென்று வைத்த தனி நிதியில் சேரும், அந்தப் பணத்தில் அங்கேயே சாலை போடலாம், கட்டடம் எழுப்பலாம், கம்பெனிகளுக்கு மானியம் கொடுக்கலாம். நலிந்த இடம் தன் வளர்ச்சியாலேயே தன்னைத் தூக்கிக்கொள்ளட்டும் என்பது யோசனை. கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கும்! சிகாகோவில் இது 1984-ல் ஆரம்பித்தது, அதுவும் நகரத்தின் மையப்பகுதியில். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட டிஃப் வட்டங்கள் முளைத்தன.

கோளாறு எங்கே என்றால், மதிப்பு ஏறினால்தானே நிதியில் பணம் சேரும்? காலி மனைகளும் பூட்டிய கடைகளுமாகக் கிடக்கும் தெருவில் மதிப்பு ஏறாது, அதனால் நிதியில் ஒன்றும் சேராது, அதனால் வேலை நடக்காது, அதனால் மறுபடியும் மதிப்பு ஏறாது. எப்படியும் வளரத்தான் போகிறது என்று ஊருக்கே தெரிந்த இடத்திலோ பணம் கொட்டும். 2019-ல் லிங்கன் யார்ட்ஸ் என்ற பிரமாண்டத் திட்டத்துக்காக ஒரு புது டிஃப் வட்டத்துக்கு நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது, உச்சவரம்பு 130 கோடி டாலர். அந்த இடம் ஆற்றங்கரையில், நகரத்தின் வசதியான வடக்குப் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழைய தொழிற்சாலை நிலம் என்பதால் நலிந்த பகுதி என்ற வரையறைக்குள் அதைப் பொருத்திவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி. அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்று யோசித்தால்தான் வயிறு எரிகிறது.

(இந்த முறையை 1952-லேயே முதலில் கொண்டுவந்த கலிஃபோர்னியா, இதை நடத்திய மறுசீரமைப்பு முகமைகளை 2012-ல் இழுத்து மூடியது. பள்ளிகளுக்குப் போக வேண்டிய வரியை இது தின்கிறது என்பதும் ஒரு காரணம்.)

சரி, மாற்று என்ன? 2024 ஏப்ரலில் சிகாகோ நகர மன்றம் 125 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட 32-க்கு 17 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. காலாவதியாகும் டிஃப் வட்டங்களைப் பெரும்பாலும் நீட்டிக்காமல் விடுவார்கள், அவற்றில் அடைபட்டிருந்த வரி பொதுக் கணக்குக்குத் திரும்பும், நகரத்துக்கு வரும் பங்கிலிருந்து கடனை அடைப்பார்கள். வீட்டுவசதிக்கும் தொழில் வளர்ச்சிக்குமான இந்தப் பணத்தை நகரத்தின் எந்த மூலையிலும் செலவழிக்கலாம், கோடு கிடையாது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒன்றுதான். கடன் கடன்தானே, வட்டியோடு சேர்த்தால் வாங்கியதைவிட ரொம்பவே அதிகம் கட்ட வேண்டும், அன்றைக்கு வாக்களித்த கவுன்சிலர்களில் பாதிப்பேர் பதவியில் இல்லாத காலம் வரைக்கும் கட்ட வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்களைச் சும்மா முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்று தள்ளிவிட முடியாது, யார் மேற்பார்வை பார்ப்பது என்று அவர்கள் கேட்டது நல்ல கேள்வி.

ஏனென்றால் பணம் சரியான தெருவுக்கே வந்து சேர்ந்தாலும் வீணாகலாம். சிகாகோவின் தெற்கே எங்கிள்வுட் என்ற ஏழ்மையான பகுதியில், நல்ல காய்கறி வாங்க வழியில்லை என்று சொல்லி ஒரு வணிக வளாகம் கட்டினார்கள். நகரம் போட்டது ஒரு கோடியே 7 லட்சம் டாலர், டிஃப் பணம்தான். 2016-ல் அங்கே ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய மளிகைக் கம்பெனியின் கடை திறந்தபோது ஊரே திரண்டது. 2022-ல் கடையை மூடிவிட்டார்கள். கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன், அதற்கு அதன் லாபநஷ்டம். பொதுப் பணத்தை ஒரே கடையை நம்பி இறக்கினால் அந்தக் கடை கிளம்பும் நாளில் மிஞ்சுவது வெறும் கட்டடம்.

யாருக்கு எவ்வளவு என்பதைக் கவுன்சிலர்களின் பேரத்துக்கு விடாமல் சூத்திரத்துக்கு விட்ட ஊர் ஒன்று உண்டு, பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-ல் அங்கே மக்கள் பங்கேற்பு பட்ஜெட் தொடங்கினார்கள், நகரத்தின் பணத்தை எதில் போடுவது என்று மக்களும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை அது. எல்லோரும் அதில் பேசுவது மக்கள் கூட்டங்களைப் பற்றி. எனக்கு முக்கியமாகப்படுவது அப்புறம் நடந்த கணக்கு: நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, சாக்கடை, சாலை போன்ற வசதி எங்கே எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, அந்தப் பகுதி மக்கள் எதை முதலில் கேட்டார்கள் என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். சாக்கடையே இல்லாத பகுதிக்கு, இல்லாத காரணத்துக்காகவே மதிப்பெண் கூடும். டிஃப் கணக்கைத் தலைகீழாக்கினால் இதுதான். பிற்காலத்தில் அங்கேயும் ஆட்சிகள் மாறி, ஒதுக்கும் பணம் சுருங்கி, அது தேய்ந்துபோனது வேறு கதை.

கடன் பத்திரத்தில் இன்னொரு சிக்கல், அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அந்தப் பணம் கட்டடம் கட்டுவதற்குத்தான், அதை நடத்துவதற்கு அல்ல. நூலகம் கட்டலாம், நூலகருக்குச் சம்பளம் வருடாவருடம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். கொலம்பியாவின் மெடெயின் நகரம் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு 2004-ல் கேபிள் கார் விட்டது, பிறகு அங்கேயே பெரிய நூலகங்களும் கட்டியது. அந்த நகரத்துக்கு ஒரு கொடுப்பினை, மின்சாரமும் தண்ணீரும் விற்கும் கம்பெனி நகரத்துக்கே சொந்தம், அதன் லாபத்தில் ஒரு பெரும்பங்கு ஒவ்வொரு வருடமும் நகர பட்ஜெட்டுக்கு வந்துவிடும். அப்படி ஒரு வரவு இல்லாத ஊர்கள், புதுக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடும் அதே கூட்டத்தில் அதன் பத்து வருடப் பராமரிப்புச் செலவையும் எழுதி, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று சொல்லியாக வேண்டும் என ஒரு விதியாவது போட்டுக்கொள்ளலாம்.