செங்கோட்டை வண்டியில் வாசித்த வருடம்

டிசம்பர் 19

"வே, இந்த வருஷம் வாசிச்சதுல தேறுனது எதுவே?" என்று ஆபீஸில் நண்பர் கேட்டுவைத்தார். ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். 21 பெயர்கள், அதில் நாலை முடிக்கவே இல்லை. ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலை 112ஆம் பக்கத்தில் இறக்கி வைத்தேன். அதன் தமிழ் நடக்கவே மாட்டேன் என்றது. மற்றதெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறி, ஆபீஸ் இருக்கும் அம்பையில் (அம்பாசமுத்திரம்) இறங்குவதற்குள் வாசித்தவை.

டிசம்பர் 20

வண்டியிலேயே வாசித்ததால் 'பஞ்சும் பசியும்' எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் எழுதியது. நூல் விலையில் சிக்கிச் சீரழியும் நெசவாளர்களின் கதை. நெசவாளர்கள் ஊரான வீரவநல்லூரில் வண்டி நிற்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்ப்பேன். கதையில் மேடைப் பேச்சு கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் தறி வரும் இடங்களில் அதை மறந்துவிடுகிறோம்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' வேறு வேலை செய்தது. கதை தொடங்கும்போதே அவள் உயிர் போய்விடுகிறது. அப்புறம்தான் பட்டணத்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையோடு அவள் கழித்த நாட்கள். அழுகையே இல்லாமல் சொல்கிறார், பாவி மனுஷன்! நிமிர்ந்தால் கீழ ஆம்பூர். அம்பையைத் தாண்டி வந்திருக்கிறேன். திரும்ப பஸ் பிடித்து ஆபீஸ் போனபோது மணி பதினொன்று. காரணத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வயிற்றுவலி என்றேன்.

டிசம்பர் 24

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் 2020இல் மறைந்தது இதே நாளில்தான். பாளையங்கோட்டைக்காரர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாசிப்பதில்லை என்பதால், 'அறியப்படாத தமிழக'த்தை ஆடி மாதம் முழுக்க நான்தான் வாசித்துக் காட்டினேன். உப்பு, உரல், உலக்கை என்று நம் வீட்டுச் சாமான்களையே எடுத்து வைத்துப் பேசும் புத்தகம்.

"இவரு என்னல, நம்ம அடுக்களைக்குள்ள வந்து பாத்த மாதிரி எழுதிருக்காரு?" என்றாள்.

பல்லாங்குழிக் கட்டுரை வந்ததும் சண்டை. இரண்டு பேரும் சமமான முத்துகளோடு தொடங்கி, ஒருத்தர் கை நிறைய ஒருத்தர் கை காலியாகும் ஆட்டம் அது. தனிச்சொத்து வந்த கதையை அதில் பார்க்கிறார் அவர்.

"சொத்தாவது ஒண்ணாவது! தோத்தவளுக்கு நாங்க கைமாத்து குடுத்து ஆடச் சொல்லுவோம்லா?"

"அதுக்குப் பேருதான் கடன், அம்மா."

"போல, சவத்த."

மறுநாள் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கச் சொன்னாள்.

டிசம்பர் 31

நண்பரிடம் மூன்றே பெயர்கள் சொன்னேன். 'செல்லம்மாள்' இருக்கும் தொகுப்பைக் கேட்டார். வண்டியில் வாசிக்காதீர் என்று சொல்லியே கொடுத்தேன். அம்மாவுக்கு இன்றைய தேதிக்கு 38 புளியங்கொட்டை பாக்கி வைத்திருக்கிறேன்.