எஞ்சின் சரியா, தம்பி?

"எஞ்சினில ஏதோ சத்தம் கேக்குது ஐயா, இனி கிட்டப் போறது சரியில்லை."

சொன்னவன் நான். எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் இருந்த ஓட்டி அண்ணைக்கு அது தெரியும். பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகோணமலை உப்புவெளியில் போட்டில் ஆட்களைச் சுற்றிக் காட்டும் எங்களுக்கு வழக்கமான ஓட்டம் புறாத்தீவு, இல்லாவிட்டால் மே முதல் ஆகஸ்ட் வரை திமிங்கிலம். அன்றைக்குப் போனது வேறு. சுவாமி மலையைச் சுற்றி, கொட்டியாரக் குடாவின் வாயைக் கடந்து, பவுல் பொயின்ட் வெளிச்சவீட்டுக்கும் அப்பால், பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மணல். தரையால் போக ஒழுங்கான வழி இல்லை. ஐயாவின் அப்பா மீன்பிடி சீசனுக்கு அங்கேதான் வாடி, அதாவது சின்னக் குடில், அடித்துத் தங்குவாராம். ஐயா எழுபது தாண்டியவர், ரொறன்ரோவில் இருந்து வந்தவர். 1985இல் ஊரை விட்டபின் அன்றைக்குத்தான் அந்த மணலைப் பார்க்கிறார். அதுவும் ஐம்பது கெஜம் தள்ளி, போட்டில் இருந்தபடி.

காற்று இல்லை. ஆனால் காற்று இல்லாத நாளிலும் எங்கேயோ தூரக்கடலில் கிளம்பிய அலை வந்துகொண்டுதான் இருக்கும். நாலைந்து பெரிதாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்குள் போட்டை உள்ளே விட வேண்டும். இரண்டு கல்லுக்கும் இடையில் போட்டைத் திருப்பக்கூட இடம் போதாது. தண்ணீர் இழுபடும்போது கல்லின் பச்சைப் பாசி அடிவரை தெரியும், அடுத்த கணமே வெள்ளையாகப் பொங்கி மூடும். மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். மூன்று தரமும் ஓய்வு ஒரே அளவாக இல்லை.

ஓட்டி அண்ணை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இறக்கிறது பெரிய விசயமில்லை. திரும்ப ஏத்துறதுதான்."

அந்த இடத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. பொய்தான் உறுத்துகிறது.

ஐயா லைஃப் ஜக்கெட்டின் கொழுவியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "சின்ன வயசில நீந்தின கடல்தானே, நான் நீந்திப் போறன்" என்றார். ஏலாது என்று நான் சொல்லியிருந்தால் வாக்குவாதம் வந்திருக்கும், இல்லாவிட்டால் குதித்தே இருப்பார். எஞ்சினோடு யாரும் வாதாட மாட்டார்கள். உடனே கொழுவியை மாட்டிக்கொண்டார். உயிரோடு கரை சேர்த்தேன், அது போதாதா என்று பகலில் நினைப்பேன். இரவில் அப்படி நினைக்க முடிவதில்லை.

போட்டைக் கரையில் இழுத்து ஏற்றும்போது ஓட்டி அண்ணை சொன்னார்: "கடற்காரன்ட மகனெல்லோ. கடல் விடாது எண்டு சொல்லியிருந்தா விளங்கியிருப்பார்."

விளங்கியிருப்பாரா? விளங்கும் ஆள் ஏன் ஜக்கெட்டைக் கழற்றினார்? ஆனால் விளங்கவே விளங்காது என்று முடிவுகட்ட நான் யார்? அந்தக் கடலைப் பற்றி அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே உண்மையை நான் சொல்லாமல் விட்டேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்குப் போட்டடியில் நின்றார். கையில் கழுவித் துடைத்த ஜாம் போத்தல். மண் எடுக்க. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அந்த மாதம் முழுவதும் அப்படி ஒரு காலையை நான் பார்க்கவில்லை.

"எஞ்சின் சரியா, தம்பி?"

ஒன்பது மணிக்கு அவருக்குக் கொழும்புக்கு வாகனம். எனக்கு ஏழு மணிக்கு அதே போட்டில், அதே எஞ்சினில், புறாத்தீவுக்கு எட்டுப் பேர்.

"இன்னும் பாக்கேல்லை ஐயா" என்றேன்.

அவர் குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல எஞ்சின் மூடியில் கையை வைத்தார். "பாவம், நேற்று அவ்வளவு தூரம் ஓடினதெல்லோ" என்றார். பிறகு போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் வீதியில் ஏறி மறையும்வரை நான் எஞ்சினைத் தொடவில்லை.