யுன்னான் பெண்கள் எடுத்த படங்கள்

கிராமச் சுகாதார ஆய்வில் கலைக்கு என்ன வேலை என்று கேட்டால், நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்குவைப் பற்றியோ எய்ட்ஸைப் பற்றியோ பறையடித்துக் கூட்டம் சேர்த்து நடத்தப்படும் வீதி நாடகம்தான். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய செய்தியை அங்கே வேறு யாரோ முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். ஊர் மக்கள் பார்த்துவிட்டுக் கலைகிறார்கள். எதை ஆராய வேண்டும் என்பதையே ஊராரிடமிருந்து பெறக் கலை உதவுமா என்று தேடினால், 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நடந்த முயற்சியை விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவுடன் அங்கு நடந்த பெண்களின் இனப்பெருக்க நலத் திட்டமொன்றில், கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இரு ஆய்வாளர்களும் 62 கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து, தங்கள் அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கச் செய்தார்கள். ஃபோட்டோவாய்ஸ் என்று இன்று அறியப்படும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. எழுத்தறிவு வகுப்புகளில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே ஓவியங்களைக் காட்டி மக்களைப் பேச வைத்ததன் தொடர்ச்சி இது. ஆனால் இங்கே படத்தை உருவாக்குபவர்களும் மக்களே.

அந்தப் படங்களில் ஒன்று, தாய் களையெடுத்துக்கொண்டிருக்க, பரந்த காய்கறி வயலில் தனியாகக் கிடக்கும் கைக்குழந்தையைக் காட்டுகிறது. இனப்பெருக்க நலம் பற்றி நான் பார்த்த வினாத்தாள்களில் எத்தனை பிரசவம், எங்கே நடந்தது, தடுப்பூசி போட்டாயிற்றா என்றெல்லாம் இருக்கும். நீங்கள் களையெடுக்கும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்வி மட்டும் இருப்பதில்லை. வினாத்தாள் எழுதுபவருக்கு அது ஒரு சுகாதாரக் கேள்வியாகவே தோன்றாது. வயலில் நிற்கும் பெண்ணுக்கோ அதுதான் முதல் கவலை.

படமெடுப்பதோடு வேலை முடிவதில்லை. இந்த முறையில் பெண்கள் ஒன்றாக அமர்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, இந்த நிலை ஏன் வந்தது, என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் பேச வேண்டும். யுன்னானில் குழந்தைப் பராமரிப்பு, மருத்துவச்சிகளுக்கான பயிற்சி, பெண்பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவை தொடர்பான முடிவுகளில் இப்படங்களின் தாக்கம் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

சிக்கல்களும் உண்டு. கிராமத்தில் ஒருவரின் முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. திண்ணையும் வாசலில் கட்டியிருக்கும் ஆடுமே அது யார் வீடு என்று சொல்லிவிடும். எனவே படமெடுப்பவரின் சம்மதத்தோடு, படத்தில் இருப்பவரின் சம்மதத்தையும் தனியாகப் பெற வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, கேமராவைக் கொடுத்து, படங்களை வாங்கி, நகரத்தில் ஒரு கண்காட்சி வைத்ததும் முடிந்துபோகும் திட்டங்கள்தான். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது வாங் பின்னாளில் வகுத்த நடைமுறையின் முதல் படி. பலர் தவிர்த்துவிடுவதும் அதைத்தான். ஆகவே இத்தகைய ஆய்வுத் திட்டம் எதையாவது படிக்க நேர்ந்தால், கேமராவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, படங்களைப் பார்க்கப்போகும் அதிகாரி யார், அவரிடம் முன்பே பேசியிருக்கிறார்களா என்பதையே முதலில் தேடுகிறேன்.