காய்க்காத மரமும் கோட் போட்ட பையனும்

சனிக்கிழமை அத்தையை டோக்கியோவின் உவேனோ பூங்காவுக்குப் பூப் பார்க்கக் கூட்டிப் போனோம். போகாமல் விட்டால், மூன்று மாத விசா முடிந்து ஊருக்குப் போனதும் "மாப்பிள்ளை ஒரு பூவைக் கூடக் காட்டல" என்று சேலம் பூராவும் சொல்லிவிடுவார்.

யாசுகுனி ஆலயத்து மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததை வானிலைத் துறை ஆள் வந்து எண்ணிச் சொன்னால்தான் டோக்கியோவில் சகுரா, அதாவது செர்ரி மரம், பூத்ததாகக் கணக்கு. அதை டிவியில் பார்த்ததிலிருந்தே அத்தைக்கு இந்த நாட்டின் மேல் ஒரு சந்தேகம். "அஞ்சு பூ எண்ண ஒரு ஆபீசரா?"

உவேனோவில் அடுத்த கேள்வி. "இது காய்க்குமா?"

இங்கே பெரும்பாலும் சொமேய் யோஷினோ என்கிற சகுரா வகை, எல்லாம் ஒரே வம்சத்து ஒட்டுக்கன்று, அதனால்தான் ஒன்றாகப் பூக்கின்றன, தங்களுக்குள் சேர்ந்து காய்ப்பதில்லை என்றேன். மாந்தோப்புக்காரர் விடுவாரா? "காய்க்காததுக்கா மெனக்கெட்டு ஒட்டுக் கட்டினாங்க?" மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். யார் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

அப்புறம் அத்தை பூவைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருபது பேர் உட்காரும் நீல விரிப்பில் கோட், டை கட்டி ஒரு பையன் தனியாக இருந்தான். ஷூவை ஓரமாகக் கழற்றி வைத்து, மடியில் லேப்டாப். பூத்த மரத்தடியில் கம்பெனி ஆட்கள் கூடி விருந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். ஏப்ரல் 1-ல்தான் பெரும்பாலான கம்பெனிகளில் புது ஆள் சேர்வார்கள். துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். விரிப்பை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பவும் முடியாது.

"சாப்பிட்டானா கேளுங்க மாப்பிள்ளை."

கேட்டேன். மேலதிகாரிகள் ஆறு மணிக்கு வருவார்களாம். அப்போது மணி ஒன்று. எனக்கென்று எடுத்து வைத்திருந்த புளியோதரை டப்பா அவன் கைக்குப் போனது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வேறு. ஒரு கடிதான், கண்ணீர் கொட்டக் கொட்ட "ஓய்ஷீ" (ருசி!) என்றான். அத்தைக்கு அது போதும், இன்னும் இரண்டு வைத்தார்.

நாலு மணிக்குக் காற்று மாறிக் குளிர ஆரம்பித்தது. அவனுக்குப் போன் வந்தது. போனுக்கே குனிந்து குனிந்து தலையாட்டினான். குளிர்கிறதாம், பெரியவர்கள் நேரே ஒரு ஹோட்டலுக்குப் போகிறார்களாம். அத்தனை பெரிய விரிப்பைத் தனியாக மடிக்கத் தடுமாறினான். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அந்த அதிகாரியைத் தமிழில் வாய்க்கு வந்தபடி வைதார். பையன் என்ன புரிந்துகொண்டானோ, ஒவ்வொன்றுக்கும் ஜப்பானியத்தில் "ஹாய், ஹாய்" (ஆமாம், ஆமாம்) என்றான்.

கிளம்பும்போது அவன் கழுத்தில் என் மப்ளர்.

வந்ததிலிருந்து "அந்தப் புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்குமோ" என்று ஒரே புலம்பல். நான் இங்கே தும்முகிறேன், யார் கேட்கிறார்கள்?