வால்பாறைக் கடை: தீபாவளிக்கு முன்னும் பின்னும்

22.9.2025, திங்கள்

இன்று முதல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதம். ஷட்டரைத் தூக்கும்போதே "எவ்வளவு குறைச்சிருக்கீங்கண்ணா?" என்று நாலு பேர். பழைய விலை அச்சடித்த சரக்குக்கு, வித்தியாசத்தை ஈடுகட்டும் கிரெடிட் நோட்டு தருவதாகப் பொள்ளாச்சி ஏஜென்சியில் சொல்கிறார்கள். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி அது எப்போது வருமோ. அதுவரை நம் கைக்காசு.

சாயங்காலம் பக்கத்து ஜவுளிக்கடை அண்ணன் டீ குடிக்க வந்தார். தீபாவளி முடிந்ததும் கடையைக் காலி செய்கிறாராம், உடுமலையில் மகன் வீட்டோடு இருக்கப்போகிறார். "அந்த ரூமையும் நீயே எடுத்துக்க தம்பி, நடுச்சுவரை இடிச்சுட்டா பெரிய கடை" என்றார். வீட்டில் சொன்னேன். "ஊரே இறங்கிப் போகுது, நீங்க சுவர் இடிக்கறீங்களா?" என்றாள்.

28.9.2025, ஞாயிறு

எஸ்டேட் லீவு. முன்பெல்லாம் ஞாயிறு காலை முடீஸ், சோலையாறு பஸ்கள் வந்தால் மெயின் ரோட்டில் நடக்க இடம் இருக்காது. 2001 கணக்கெடுப்பில் இந்த ஊர் ஜனத்தொகை 95 ஆயிரத்துக்கு மேல். 2011ல் 71 ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எண்ணவேயில்லை, என் கடன் நோட்டுதான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

தேயிலை விலை, கூலி, பிள்ளைகள் படிப்பு என்று காரணம் பல சொல்லலாம். எனக்குப் படுவது வீடுதான். ரிட்டயர்டு ஆனால் பி.எப்., கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். இங்கேயே இருந்துவிடலாம் என்றாலும் நிலத்துக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றி எஸ்டேட், எஸ்டேட்டைச் சுற்றிப் புலிகள் காப்பகம். முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்த காசு திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் மனையாகிறது. பிறகு எத்தனை திட்டம் அறிவித்தால்தான் என்ன?

போதாததற்குத் திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை எஸ்டேட் கதை. 2028 வரை குத்தகை இருந்தும், போன வருஷமே தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இங்கே நிலைமை வேறுதான், ஆனால் டீக்கடையில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

5.10.2025, ஞாயிறு

வியாபாரிகள் கூடிப் பேசினோம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நம் ஊருக்கு வரும் டூரிஸ்ட் வண்டிகளுக்கும் நவம்பர் 1 முதல் இ-பாஸ், ஐகோர்ட் உத்தரவு. லாட்ஜ்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் கொதிக்கிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது. லோன் போட்டு ஹோம்ஸ்டே கட்டியவர் ஒருவர் பேச ஆரம்பித்து, முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. டூரிஸ்ட் என் கடையில் வாங்குவது தண்ணீர் பாட்டில், சிப்ஸ், குரங்குக்குப் போட பிஸ்கட் (போடாதீர்கள் என்று போர்டு வைத்தும்தான்). அரிசி மூட்டையும் ஸ்கூல் பேக்கும் வாங்குவது லைன் வீட்டுக் குடும்பம். அது குறைந்ததற்கு யாரும் கூட்டம் போடவில்லை.

12.10.2025, ஞாயிறு

போனஸ் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 சதவீதம். கையில் வந்தது எத்தனை என்பதைக் கடைக்கு வரும் முகத்திலேயே படித்துவிடலாம்.

கருமலை அக்கா கணக்கு முடிக்க வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார். "என் கண்ணு முன்னால அடிங்க தம்பி" என்றார். நோட்டில் அவர் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, அந்த விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் கேட்டார். மார்ச்சில் ரிட்டயர்டாம். நோட்டில் இன்னொரு பக்கம் காலி.

பின்னாலேயே அசாம் பையன்கள் மூன்று பேர். "சர்சோ தேல்?" கடுகு எண்ணெய். போன வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஒரு பெட்டி போட்டிருந்தேன், மத்தியானத்துக்குள் தீர்ந்தது. ரொக்கம், ஜிபே, கடன் கிடையாது. மைசூர் பருப்பும் கேட்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று நம் ஆட்களுக்குக் குறை. நம் ஆட்கள் மட்டும் என்ன, உடுமலையில் மனை வாங்கினார்கள்.

குடும்பத்தோடு வந்தவர்கள் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். ஜூனில் பச்சமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் குடும்பத்துக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போனதிலிருந்து இப்படித்தான். இருட்டின பிறகு கடை திறந்து வைத்தால் கரண்ட் பில்தான் மிச்சம். லைன்களுக்குத் தெருவிளக்கு போட்டால் எனக்கு ரெண்டு மணி நேர வியாபாரம் கூடும்.

20.10.2025, திங்கள்

தீபாவளி. மழை. மதியத்தோடு அடைத்தாயிற்று.

1.11.2025, சனி

இ-பாஸ் முதல் நாள். ஆழியார் செக்போஸ்ட்டில் வரிசை என்றார் சரக்கு டெம்போ டிரைவர். பாஸ் இல்லாமல் வந்தவர்கள் அங்கேயே போனைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். லாட்ஜ் பக்கம் கூட்டம் எப்படி என்று விசாரித்தேன். "ரெண்டு மாசம் போகட்டும்" என்றார்கள்.

9.11.2025, ஞாயிறு

ஜவுளிக்கடை அண்ணன் போய்விட்டார். ஓனர் வந்தார். மூன்று வருஷ அக்ரிமென்ட், பத்து மாத அட்வான்ஸ் என்று ஆரம்பித்தார். பதினொரு மாதம், ஐந்து மாத அட்வான்ஸ் என்றேன். "உனக்கே நம்பிக்கை இல்லையாப்பா?" என்றார். "மூணு வருஷத்துக்கு வாடகை ஏத்த மாட்டேன்னு எழுதித் தர்றீங்களா?" என்றேன். சிரித்தார். பதினொரு மாதம், ஆறு மாத அட்வான்ஸில் முடிந்தது. சுவரை இப்போதைக்கு இடிக்கவில்லை, ஆள் நுழைகிற அளவுக்கு வழி மட்டும்.

நாளை பொள்ளாச்சிக்குப் போன் போட வேண்டியது: கடுகு எண்ணெய் நாலு பெட்டி, மைசூர் பருப்பு ஒரு மூட்டை, டார்ச் லைட், கம்பளி. கிரெடிட் நோட்டு இன்னும் வரவில்லை, அதையும் கேட்கணும்.