நான் அழித்த அடைப்புக்குறிகள்

கடல்சிப்பிச் சேகரிப்பு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கையெழுத்துச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள். சில சிப்பிகளின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால், பெயர் வைத்தவரும் ஆண்டுமாக ‘லின்னேயஸ், 1758’ என்று இருந்தது. வேறு சிலவற்றில் அதையே அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லாக் குறிகளையும் ஒரே கட்டளையில் நீக்கிவிட்டேன். பட்டியல் பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது!

மூத்தவர் திட்டவில்லை. இழுப்பறையிலிருந்து இரண்டு மட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். நீலக்கறுப்பாக இருந்தது மைட்டிலஸ் எடுலிஸ். பச்சை ஓரம் வைத்தது பெர்னா விரிடிஸ். “ரெண்டுக்கும் பேர் வச்சவர் ஒருத்தர்தான், வருஷமும் ஒண்ணுதான். குறி எதுக்கு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றார். எனக்கு ஞாபகம் இல்லை.

“உள்பக்கம் பாருங்க” என்று லென்ஸைக் கொடுத்தார். மைட்டிலஸின் கூர்முனைக்குள் சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது. இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடும் முன்தசை ஒட்டியிருந்த இடம் அது. பெர்னாவில் அதே இடம் வழவழவென்று இருந்தது; வளர்ந்த பெர்னாவுக்கு அந்தத் தசையே கிடையாது. வெளியே நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து ஏமாந்துபோகலாம். ஓடுகள் இணையும் கீலின் பற்களும் தசைத் தழும்புகளும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

லின்னேயஸ் இரண்டையும் மைட்டிலஸ் பேரினத்தில்தான் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் விரிடிஸைப் பெர்னாவுக்கு மாற்றினார்கள். அப்படிப் பேரினம் மாறிய சிற்றினத்துக்கு, முதலில் பெயரிட்டவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. ஒரு சிப்பி வீடு மாறிய கதையை அந்த இரண்டு வளைகோடுகள் சொல்லிவிடுகின்றன. நான் அதைத்தான் துடைத்து எறிந்திருந்தேன்.

சரி, திரும்பப் போட்டுவிடலாம் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் முதல் விவரிப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் போனது. ஆனால் அந்த வாரங்களில் கற்ற அளவுக்கு வேறு எப்போதும் கற்றதில்லை. இலத்தீன் இலக்கணம்கூடக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது: லின்னேயஸ் வைத்த மைட்டிலஸ் மார்கரிட்டிஃபெரஸ் முத்துச்சிப்பிப் பேரினத்துக்குப் போனதும் பிங்க்டாடா மார்கரிட்டிஃபெரா ஆனது. பிங்க்டாடா பெண்பால் என்பதால் பெயரின் விகுதியும் கூடவே மாற வேண்டும்.

பசிபிக் ஆளி என்ற சிப்பி தனிக் கதை. 1793இல் துன்பெர்க் அதை ஆஸ்ட்ரியா ஜைகாஸ் என்றார். பிறகு கிராஸோஸ்ட்ரியா ஆனது. 2017இல் டிஎன்ஏ ஆய்வை வைத்து மகல்லானா என்றார்கள். அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பெட்டியில் மூன்று பெயருக்கும் மூன்று சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. புதுச் சீட்டு வைக்கும்போது பழையதை எடுப்பதில்லை. கீழே இருப்பதில் அடைப்புக்குறி இல்லை, மேலே இருக்கும் இரண்டிலும் இருக்கிறது. அச்சிடும் முன் அதை மட்டும் இன்றும் இரண்டு முறை பார்ப்பேன்.