தேடலில் இல்லாத நாட்கள்

மார்ச் 4
மேனுவல் ஆக்‌ஷன் அப்படியே நிற்கிறது, விதியை மீறியதற்காக என் தளத்துக்குக் கூகுள் ஆட்கள் போட்ட தண்டனை. பழைய ரேடியோவின் ஹம் சத்தத்தைப் பற்றி நான் எழுதிய பக்கம் தேடலில் எங்கேயும் காணோம். இப்போது தேடினால் முதலில் வருகிற பக்கத்தில், வால்வ் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்ற எச்சரிக்கையே இல்லை. நான் அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

மார்ச் 5
பக்கத்தின் அடியில் இருப்பது வெறும் வெள்ளை இடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். இன்று மவுஸை அழுத்திக் கடைசி வரை இழுத்தபோது, நீலத்துக்குள் எழுத்துகள் எழுந்து வந்தன. ரேடியோ ரிப்பேர், பழைய ரேடியோ ரிப்பேர், ரேடியோ ரிப்பேர் செய்வது எப்படி... எண்ணினேன், 64 முறை. தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர நான் பணம் கொடுத்து வைத்த ஆள் ஃபுட்டரில் வைத்திருக்கிறார், அதனால் எல்லாப் பக்கத்தின் அடியிலும். "ரேங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எழுதுங்கள்" என்றார் அந்த மனிதர். சரி என்று பாஸ்வேர்டைக் கொடுத்தவன் நான்தான். தூக்கம் வரவில்லை.

மார்ச் 6
அழித்தாயிற்று. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட 86 பக்கங்களையும். தேடுபொறிக்காகப் பக்கத்துக்குள் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்டையும். ரேங்குக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 7
இல்லை.

மார்ச் 10
இணைப்புப் பட்டியல். 1,140 டொமைன்கள். சூதாட்டம், மாத்திரை, கடன், எல்லாவற்றிலும் ஒரே சொல்லில் என் தளத்துக்கு லிங்க். எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பினேன், ஒன்பது பேர் எடுத்தார்கள். மீதியை, 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்' என்று கூகுளுக்குக் கொடுக்கும் டிசவோ கோப்பில் வரி வரியாகச் சேர்க்கிறேன். இதில் கை தவறக் கூடாது. இரவு பதினொன்றுக்கு ஒரு வரியில் நின்றுவிட்டேன். யாரோ ஓர் ஆசிரியரின் தளம், மாணவர்களுக்காக என் ஹம் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். யாரும் காசு கொடுத்து வாங்காத லிங்க். அதையும் அள்ளித் தள்ளப் பார்த்தேனே!

மார்ச் 15
தண்டனையை நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு மறுபரிசீலனை விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். 'இதைச் செய்தது வேறொருவர்' என்று எழுதி, அப்புறம் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

மார்ச் 16
இல்லை.

மார்ச் 18
பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே 2006-இல் கூகுள் நீக்கியிருக்கிறது. தேடுபொறிக்கென்றே சொற்களை அடைத்த வாசல் பக்கங்கள்தான் காரணம். எடுத்த பிறகு திரும்பச் சேர்த்தார்கள். இன்றைக்கு இதை நான்கு முறை படித்துவிட்டேன்.

மார்ச் 21
'30 நாளில் 500 பேக்லிங்க், உத்தரவாதம்.' லிங்க் விற்கும் மெயில். உடனே அழிக்கவில்லை. அரை மணி நேரம் திறந்தே கிடந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 24
ஒருவர் எழுதியிருக்கிறார். வேறு எங்கோ படித்துவிட்டு கெப்பாசிட்டரைத் தொட்டாராம், ஷாக். கை இப்போது பரவாயில்லையாம். என் பக்கத்தை அவருக்கு மெயிலில் அனுப்பினேன்.

மார்ச் 25
தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் இன்னும் மூன்று ஊர்ப் பக்கங்கள் இருக்கின்றன. திறந்தால் திறக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.